சலவைக்குப் போன முகங்கள்

என் சித்தி மகளுக்குக் குடும்பத்தில் ‘கதம்பம்’ என்று பெயர். ஓவியம், தையல், பாட்டு, ஒலிப்பதிவு என எதையும் விட்டுவைக்காதவள் என்பதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் தந்தை தையற்காரர். சித்தியோ, ஓய்வுபெறும்வரை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளைத் துவைத்தவர்.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்” என்பார் பெரியப்பா.

“வெட்டாம விட்டா மரமாவது பொழைச்சுக்கும்ல பெரியப்பா?” என்பாள் இவள்.

நாற்பதைக் கடந்தபின், சித்தி உழைத்த அதே நிலவறைக் கூடத்துக்கு ஊசியும் நூலுமாகப் போனாள். கழித்துப்போட்ட விரிப்புகளில் சலவைப் பெண்கள் தத்தம் வாழ்க்கையைத் தைத்தனர். அவற்றின் நடுவே அவரவர் முகத்தை இவள் சாயத்தால் தீட்டினாள். மேல்மாடிக்காரர்கள் அம்முகங்களை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்பதே அவள் வேண்டியது. ஓராண்டு அலைந்தபின், முன்கூடத்தில் ஒரேயொரு காலைப்பொழுது அவற்றை மாட்டிவைக்க அனுமதி கிடைத்தது.

இஸ்திரியின் சூடு பட்டால்தான் அந்தச் சாயம் துணியில் பிடிக்கும். முந்தைய இரவு, அசதியில் அவ்வேலையை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்து, விரிப்புகளைச் சலவைக்கூட மேசையிலேயே வைத்துவிட்டு வீடு திரும்பினாள். இரவுப்பணி முடியும் வேளையில் மூத்த சலவைக்காரி, கண்கள் பாதி செருகிய நிலையில், அழுக்குத் துணிகளோடு அவற்றையும் இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டார்.

படமெடுப்பதற்காகக் காலையில் நான் சென்றபோது, விரிப்புகளில் தையல் மட்டுமே எஞ்சியிருந்தது.

“கறையோட துணி கிடந்தா கை சும்மா இருக்காதும்மா. பழக்கதோஷம். என் மூஞ்சிய நானே துவைச்சுட்டேன்” என்றார் மூத்தவர்.

“நல்லாத்தான் துவைச்சிருக்கீங்கக்கா. ஒரு பொட்டு இல்ல” என்ற கதம்பம், துணிமூட்டையின்மேல் சரிந்து உட்கார்ந்தாள். அழுவதற்கும் தெம்பில்லை.

“மூஞ்சிதானே வேணும்? அது எங்க கழுத்துமேலதான் இருக்கு” என்றாள் இன்னொருத்தி.

வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் முன்கூடத்துக்கு ஏறிவந்து, தத்தம் விரிப்பைக் கழுத்தளவு உயர்த்திப் பிடித்து நின்றனர். கதம்பம் முன்பே பதிந்துவைத்திருந்த அவர்கள் குரல்கள் ஒலிப்பெட்டியில் ஓடின. பெரும்பாலோர் கடந்து போயினர். ஒரு செவிலியர் மட்டும் மூத்தவர் முன் நின்றார்.

“இத்தனை வருஷமா எங்களுக்குத் துணி அனுப்புறது நீங்களா?”

“நாந்தாம்மா. கை கடுக்குது, சீக்கிரம் பாத்துட்டுப் போ.”

நண்பகலில் அனைவரும் கலைந்தனர். பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க இயலாது. ஒரு முனையைக் கதம்பம் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

“திரும்பவும் தீட்டுவியாம்மா?” என்று கேட்டேன்.

“மொதல்ல தூங்கணும்ணே. நுனிய இழுத்துப் புடிங்க.”