தாய்மொழி: தமிழ், ஒருவர்

என் ஆராய்ச்சியின் தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் யாரும் இல்லை, நான் உட்பட. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஜவுளிக்கடை, சாப்ட்வேர் கம்பெனி என்று வெவ்வேறு தொழில்களில் சில நிறுவனங்கள் மட்டும் ஏன் நன்றாக நடக்கின்றன? அவற்றுக்குள் பொதுவாக ஏதாவது உண்டா? மலையாள ஊருக்கு நடுவே தமிழர்கள் நிறைந்த ஆரியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கீழே மொத்தக்கடையில் இறக்கும் மிளகாய் மூட்டைகளின் நெடிக்குத் தும்மிக்கொண்டே ஐந்து வருடம் இதைப் படித்தேன். "நல்லா நடத்தினா நல்லா நடக்கும். இதுக்கு எதுக்குடி டாக்டர் பட்டம்?" என்று அப்பா கேட்டார். நான் தும்மிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

என் ஊகம் எளிமையானது. கீழே இருப்பவர் குறை சொன்னால் மேலே இருப்பவர் காது கொடுக்கும் இடங்கள் நன்றாக நடக்கும். இதை நிரூபிக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள், 'சற்றும் சம்மதமில்லை' தொடங்கி 'முழுச் சம்மதம்' வரை. போன இடமெல்லாம் ஊழியர்கள் முழுச் சம்மதக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி டிக் போட்டுத் தந்தார்கள். சம்பளம் திருப்தி, மேலதிகாரி தங்கம், வேலையிடம் சொர்க்கம். தாள் யார் கைக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் தற்காப்பு. என் வழிகாட்டிப் பேராசிரியை, நான் டீச்சர் என்று கூப்பிடுகிறவர், அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, "இதில் ஆராய்ச்சிக்கு ஒன்றும் இல்லையே மோளே" என்றார். மகளே என்று இரக்கமாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் கடல் பக்கம் இருந்த ஒரு ஹோட்டலுக்குப் போனேன். ஊழியர்கள் மலையாளத் தாளை வாங்கிப் பத்து நிமிடத்தில் நிரப்பித் தந்தார்கள். ஒருவர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். லாண்டிரியில் வேலை செய்பவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகிறது. பேச்சு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, எழுத்து தெரியாது. நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பிள்ளயா நீ? அப்ப நீயே வாசி மக்ளே, நான் சொல்லுதேன்."

லாண்டிரி அறைக்குப் போனோம். படுக்கை விரிப்பை மடிப்பது இரண்டு ஆள் வேலை. அவரோடு இருபது வருடமாக மறுமுனையைப் பிடிக்கிறவர் ஒரு வித்துராக்காரர், மலையோர ஊர்க்கார மலையாளி, அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். அதனால் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். மேஜைமேல் தாள், கையில் விரிப்பு.

"மேலதிகாரி என் குறைகளைக் காது கொடுத்துக் கேட்கிறார்," என்று வாசித்தேன்.

"முழுச் சம்மதம்."

"என் வேலையிடம் பாதுகாப்பானது."

"முழுச் சம்மதம்."

அவருடைய முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருகியிருந்தது. என்ன அண்ணாச்சி இது என்று கேட்டேன்.

"அதுவா, டிரையருக்க கதவு. பூட்டு போயி ஆறு மாசம் ஆச்சு. தன்னால தெறந்து கைமேல வந்து விழும். சொல்லியாச்சு, கேக்க ஆளில்ல. செக் பண்ணியாச்சுன்னு மாசாமாசம் மேல உள்ளவன் ஒப்பு மட்டும் போடுவான்."

"அப்ப முழுச் சம்மதம்னா எப்பிடி?"

சிரித்தார். "தாளுல எழுதது வேற, வாயில சொல்லுதது வேற."

அங்கே நான் விட்டிருக்கலாம். எனக்கோ அந்த ஒரு தாளாவது வேண்டியிருந்தது. "பேரு எங்கயும் வராது அண்ணாச்சி. சத்தியம்" என்றேன்.

"பழவங்காடிப் பிள்ளையார் சத்தியமா?"

"பழவங்காடிப் பிள்ளையார் சத்தியமா."

போட்ட டிக்குகளை அடிக்கச் சொன்னார். புதிதாகப் போட்டோம். கடைசியில் 'வேறு கருத்துகள்' என்ற இடத்தில் டிரையர் கதவையும் பார்க்காமல் போடும் அந்தக் கையெழுத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வெளியே வரும்போது மனசு துள்ளியது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்து இரண்டு முறை படித்தேன்.

இனி என் தவறு. கேள்வித்தாளில் வயது, துறை, எத்தனை வருட வேலை என்ற வழக்கமான விவரங்களோடு 'தாய்மொழி' என்ற வரியையும் நான் சேர்த்திருந்தேன். அது தேவையா என்று டீச்சர் கேட்டார். "எங்க ஆளுங்கள யாரும் தனியா எடுத்துப் பார்க்கறதே இல்ல டீச்சர்" என்று வாதாடி அனுமதி வாங்கினேன். இந்த ஊர்த் தமிழச்சி என்பதால் எனக்கிருந்த பிடிவாதம் அது. வேறு யாராவது இந்த ஆராய்ச்சியைச் செய்திருந்தால் அந்த வரி இருந்திருக்காது.

அனுமதி கொடுத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கைம்மாறாக ஓர் அறிக்கை தரவேண்டும். உங்கள் ஊழியர்கள் இப்படிச் சொல்கிறார்கள், உங்கள் தொழிலில் மற்றவர்கள் இப்படி, என்று. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் சாப்ட்வேர் கம்பெனிக்காக ஓர் அச்சு தயார் செய்து, அதையே எல்லா நிறுவனங்களுக்கும் ஓட்டிவிட்டேன். துறைவாரியாக ஒரு அட்டவணை, வருடவாரியாக ஒன்று, தாய்மொழிவாரியாக ஒன்று. பின்னிணைப்பில் கருத்துகள், பெயரில்லாமல்.

ஹோட்டலின் எச்.ஆர். மேனேஜர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். எனக்கு எலுமிச்சை ஜூஸ் வரவழைத்துவிட்டு அறிக்கையைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். 'தாய்மொழி: தமிழ், ஒருவர்.' அதற்கு எதிரே அந்த ஒருவரின் மதிப்பெண்கள் வரிசையாக. மேனேஜர் பின்னிணைப்புக்குப் போய் டிரையரைப் படித்தார், திரும்ப அந்த வரிக்கு வந்தார். பெயர் இல்லை. பெயர் தேவைப்படவும் இல்லை.

"சார், அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பிழை. மாற்றித் தரட்டுமா?" என்றேன்.

"சாரமில்ல. வளரெ யூஸ்ஃபுல்" என்றார். பரவாயில்லை, ரொம்ப உபயோகமாம். அறிக்கையை மூடி டிராயரில் வைத்தார். நான் ஜூஸை முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணாச்சியைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் பார்த்தேன். சிதறு தேங்காய் உடைக்கிற கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். ஹோட்டலில் நிறுத்திவிட்டார்களாம். இப்போது பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜில் விரிப்பு துவைக்கிறார்.

"நான் ஒனக்குச் சொன்னத அந்த சாரு அச்சு அசலா எங்கிட்ட சொல்லுகாரு மக்ளே. 'கேக்க ஆளில்ல'ன்னியாமேன்னு."

நான் அவர் முகத்தை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த தேங்காய்ச் சில்லுகளைப் பார்த்தேன்.

"நீ சத்தியம் பண்ணின பிள்ள. ஒன்னைய நான் சந்தேகப்படல. அன்னைக்குச் சாயந்தரம் இந்த வித்துராக்காரங்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன் பாத்துக்கோ. அவனத் தவிர வேற யாருக்குத் தெரியும்? போட்டுக் குடுத்துட்டான்."

அந்த வித்துராக்காரரோடு பேச்சை விட்டுவிட்டாராம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பரின் மகளுக்குக் கல்யாணம். வித்துராவிலிருந்து நேரில் வந்து பத்திரிகை வைத்திருக்கிறார். "நான் தூக்கி வளத்த பிள்ள. பதினொண்ணு மணிக்கு முகூர்த்தம். போவமாட்டேன்" என்றார். சொல்லும்போது கோயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒரு வாக்கியம் போதும். அவர் சொல்லவில்லை அண்ணாச்சி, நான்தான். என் வாய்மொழித் தேர்வு அந்த ஞாயிறுக்கு அடுத்த வியாழன். இப்போது சொன்னால் அவர் நண்பரிடம் சொல்வார், நண்பர் ஹோட்டலில் சத்தம் போடுவார், விஷயம் டீச்சருக்கு வரும். வாக்கை மீறி வாங்கிய விவரம் என்று அந்த ஹோட்டலை ஆய்விலிருந்தே எடுத்துவிடுவார்கள். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு ஹோட்டல். இதையெல்லாம் அந்தத் தேங்காய்ச் சத்தத்தின் நடுவில் நின்றபடி நான் யோசித்து முடித்தேன். பிறகு, "போயிட்டு வாங்க அண்ணாச்சி, கல்யாணம்தானே" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஸ்லைடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று அடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல அந்த மனிதரின் கருகிய கையை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மத்தியானம் அம்மா வைத்த புளிசேரி, மலையாளத்து மோர்க்குழம்பு, நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டேன்.

வியாழனன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கடினமான கேள்வி கேட்டார். ஊழியர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று எப்படி நம்புகிறீர்கள்? "யார் என்று அடையாளம் தெரியாது என்ற உறுதி கொடுத்தோம் சார். அதை அவர்கள் நம்பினார்கள்" என்றேன். நல்ல பதில் என்று குறித்துக்கொண்டார். குறை கேட்கும் நிறுவனங்கள் எந்தத் தொழிலானாலும் நன்றாக நடக்கின்றன என்ற என் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். கைதட்டினார்கள். டீச்சர் கட்டிப்பிடித்தார். லட்டு கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை லாட்ஜுக்குப் போனேன். மொட்டைமாடியில் அண்ணாச்சி காய்ந்த விரிப்புகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை, அந்த வரி, மேனேஜரின் விரல். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அறிக்கை வாசிப்பது போலத்தான் என் குரல் எனக்குக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அவன் சொல்லல்ல."

"இல்ல அண்ணாச்சி."

"நாம பழவங்காடியில வச்சுப் பேசினோமே. அது, நான் போவாத அந்தக் கல்யாணத்துக்கு முன்னயா, பொறவா?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் சொல்லவேண்டும் என்று கேட்டார்.

"முன்ன," என்றேன்.

தலையை ஆட்டினார். விரிப்பின் ஒரு முனையைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தனியாக மடிக்கத் தொடங்கினார். பெரிய விரிப்பு, பாதி தரையில் கிடந்தது. மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தேன்.

"வேண்டாம்," என்றார். "நீங்க போங்க."