மூக்கக்கா மோந்த பால்

ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கக்கா என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். இருபது வருஷமாகக் காலையில் வரும் பால் கேனைத் திறந்து, மூக்கை நீட்டி, அவள் "ம்" என்றால்தான் கேன் உள்ளே போகும். "ம்ஹூம்" என்றால் வந்த வழியே திரும்பும்.

அப்படி ஒரு மூக்கு இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன கவலை? பண்ணைக்காரர் கறந்த பாலை வெயிலில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்தார். வேன் டிரைவர் குளிர்பெட்டியை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தான். சமையல் மாஸ்டர் கேனை அடுப்போரமே மறந்தார். கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: "மூக்கக்கா பாத்துக்கும்."

ஒரு காய்ச்சலில் அந்த மூக்கு செத்தது. பினாயிலும் ஒன்று, பாலும் ஒன்று என்றாகிவிட்டது. வெளியே சொன்னால் பாத்திரம் கழுவத் தள்ளிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு, தினமும் கேன்மேல் குனிந்து "ம்" போட்டாள்.

ஒன்பதாம் நாள் அடுப்பில் வைத்த பால் மொத்தமும் திரிந்தது. மாடியில், வயிற்றைக் கிழித்துத் தைத்த நாற்பது பேர் அந்தப் பாலுக்குத்தான் காத்திருந்தார்கள். அத்தனையையும் அவளே தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள்.

மறுநாள், டிராயரில் உறை பிரிக்காமல் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்துக் கேனுக்குள் விட்டாள்.

"நாலு இருக்கணும், பதினாலு காட்டுது. எடுத்துட்டுப் போ."

"என்னக்கா, மோந்துகூடப் பாக்கல?" என்றான் டிரைவர்.

"நீ பொட்டியப் போடாம வருவ, நான் மோக்கணுமாடா?"

பண்ணைக்காரருக்கும் போனிலேயே நல்ல திட்டு கிடைத்தது. அப்புறம் பால் நிழலுக்கு வந்தது, பெட்டி ஓடியது. எத்தனை மணிக்குக் கறந்தது, எத்தனை மணிக்கு ஏற்றியது என்று அவள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். இரண்டு மாதம் ஒரு சொட்டுத் திரியவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி பூரித்துப் போனார். இரண்டு டம்ளர் பாலை நீட்டினார்.

"இதுல எதும்மா பழசு? அந்தத் தங்க மூக்க நானும் பாக்கணும்."

குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். நாற்பது வயிறும் கண்முன் வந்து நின்றது.

"மூக்கு செத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு சார்."

பால் கெடாமல் காத்ததற்குப் பரிசாக, மறுநாளே பாத்திரத் தொட்டி கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை டிரைவர் ஓடிவந்தான். "அக்கா, ரெண்டு மணி நேரமா கேன் வாசல்லயே கெடக்குது. மாஸ்டர் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு. ஏதாச்சும் ஆனா அவர் தலையில விழுமாம். நீங்க வந்து ஒரு 'ம்' சொல்லுங்க."

"செத்த மூக்கோட 'ம்' எதுக்குடா?"

"அது போதுமாம்."

கையைத் துடைத்துக்கொண்டு போனாள். தெர்மாமீட்டரை மாஸ்டர் கையில் திணித்தாள். "நீங்களே விட்டுப் படிங்க."

"ஒம்போது," என்றார் மாஸ்டர்.

"ஏத்தும்போது நாலுதாங்க்கா! சத்தியமா!" டிரைவர் அலறினான்.

"தெரியும்டா. கேன எடுத்துட்டுப் போ." நோட்டை மாஸ்டர் பக்கம் தள்ளினாள். "பண்ணையில எத்தன மணி, வண்டியில எத்தன மணின்னு எழுதியிருக்கு. வாசல்ல நின்ன ரெண்டு மணி நேரம் யாரோடதுன்னு நீங்க எழுதுங்க."