ஏரிக்கு அடியில யாரு ஊரு?

டைப் அடிக்கிறவளுக்கு முதுகுவலி பாதி, அடுத்தவன் வம்பு பாதி. கோர்ட்டு வாசல்ல கால்கடுக்க நின்னவங்களுக்கு நான் சொல்றது புரியும். தொண்ணூத்தி ஒண்ணுல ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு எதுக்க மிஷினைப் போட்டுகினு மனு அடிச்சிகினு இருந்தேன். அப்ப ஒரகடம் பக்கத்து ஏரி கேஸு ஒண்ணு. இந்தாண்ட கரையில ஒரு ஊரு, அந்தாண்ட கரையில ஒரு ஊரு. ஏரிக்கு அடியில கீற தரை யாருதுன்னு சண்டை.

கல்லைத் தேடி

எல்லைக்கல்லு ஏரி நடுவுல. தண்ணி வத்துற கோடையிலதான் தெரியும். கோடையிலதான் கோர்ட்டுக்கு லீவு! கோர்ட்டு தொறந்து, ஜட்ஜு ஒரு சின்ன வக்கீலை அனுப்பி கல்லைப் பாத்துட்டு வரச் சொல்றதுக்குள்ள மழை கொட்டி ஏரி ரொம்பிடுச்சி. பாவம், நீச்சல் தெரியாத மனுஷனை லாரி டியூப்ல உக்காரவச்சி தள்ளினு போயிருக்காங்க. எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான், மாமல்லபுரம் போனா முட்டிக்கு மேல எறங்க மாட்டாரு... அது கெடக்கட்டும். வக்கீலு சொட்டச் சொட்ட வந்து நின்னாரு.

"'கல் நீரில் மூழ்கியுள்ளது'ன்னு அடிங்கம்மா. நானும் மூழ்குனேன், அத்த அடிக்க வேணாம்."

ஒரே வண்டியில

அப்பறம் மாசி முடிஞ்சி ஏரி ஓரம் காஞ்சப்ப, கவர்மெண்ட்டு வக்கீலு எழுந்து, தண்ணியும் எங்களுது, தரையும் எங்களுதுன்னுட்டாரு. ஒரே கடையில டீ குடிக்காத ரெண்டு ஊரு தலைவருங்களும் மறுநாளு ஒரே டிவிஎஸ் பிப்டியில வந்து எறங்குறாங்க! சேர்ந்து மனு போடணுமாம்.

"சண்டை எங்களுக்குள்ள. நடுவுல கவர்மெண்ட்டு யாரும்மா?"

வெள்ளரிக்கா

அந்த மனுவை அடிக்கசொல்லோ கன்னியம்மா வந்தா. புருஷன் போய்ச் சேந்துட்டான், ரெண்டு பொண்ணுங்க. கோடையில ஏரிக்குள்ள வெள்ளரி போட்டுத்தான் கஞ்சி. யாரு ஜெயிச்சாலும் அவளைத் தொரத்திடுவாங்க. இந்தாண்ட கரை, பொறந்த ஊரு, "நீ கட்டிக்கினு போனவ"ன்னுது. அந்தாண்ட கரை, கட்டிக்கின ஊரு, "அவனே இல்ல, உனக்கின்னா"ன்னுது. கேஸ் முடியிற வரைக்கும் பயிர் வச்சவங்களை யாரும் கிளப்பக்கூடாதுன்னு ஜட்ஜு சொன்னதுலதான் அவ பொழப்பு ஓடிச்சி. மிஷினாண்ட நாலு பிஞ்சு வச்சா.

"உனுக்கு இன்னா அடிக்கணும்?"ன்னேன்.

"எனுக்கு ஒண்ணும் வேணாக்கா. அவங்களுதை மட்டும் மெதுவா அடி. கேஸு முடிஞ்சா எங் கொடி காஞ்சிடும்."

கோர்ட்டு வாசல்ல நான் உக்காந்திருந்த காலத்துல, வாய்தா குடுத்தாங்கன்னு புள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்ச ஒரே ஆளு அவதான்.