ரத்தத்தில் வளையல்கள்

எழுபதுகளின் கடைசியில் திருக்கனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் சேர்ந்தேன். முதல் மாதத்திலேயே கடைத்தெரு மளிகைக் கடைக்காரர் ஒருவர் தன் மனைவியை அழைத்து வந்தார். நாலு படி ஏறினாலே அந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்.

"ரத்தம் கம்மின்னு மட்டும் சொல்லிடாதம்மா. ஊரே சிரிக்கும். எங்க வூட்டுல மூணு வேளையும் நெய்யி," என்றார் கடைக்காரர்.

அக்காவின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்கள் நடுவே வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்போடு கிடந்தன. சில பென்சில் போல நீண்டிருந்தன. அக்காவுக்கும் பார்க்க ஆசை. குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"இன்னாம்மா, ஒரே வளையலா கொட்டிக் கெடக்குது!"

"அதுதாங்க்கா கோளாறு. நடுவுலயும் கொஞ்சம் செவப்பு வேணும். ஒடம்புல இரும்புச் சத்து இல்ல."

இரும்புச் சத்து குறைந்தால் கண்டதையும் தின்னத் தோன்றும் என்று படிப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வர, அடுத்ததையும் கேட்டேன். "மண்ணு, சாம்பல், வேகாத அரிசி, இந்த மாதிரி ஏதாச்சும் திங்கத் தோணுதாக்கா?"

அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"அரிசின்னதும் ஞாபகம் வருது. கடையில எலித் தொல்ல தாங்கல. மூட்டைய கட்டி வெச்சாலும் கொறையுது. ரெண்டு பொறி வெச்சுப் பார்த்தேன், ஒண்ணுகூட மாட்டல. படிச்ச எலி போல!"

"அது நாந்தாங்க," என்றார் அக்கா, குனிந்தபடியே.

"எது?"

"எலி. தெனம் ரெண்டு கைப்பிடிதாங்க. நிறுத்த முடியல."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டேன். நான் திரும்பி வந்தபோது கடைக்காரர் முகத்தில் கோபம் இல்லை, வெலவெலத்துப் போயிருந்தார். "பொறியில கைய வுட்டிருந்தா இன்னாடி ஆயிருக்கும்?" என்று மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வந்தபோது அக்காவின் அணுக்கள் நன்றாகச் சிவந்து நிறைந்திருந்தன. கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் ரத்தத்தயும் பாரும்மா. எப்பிடி இருக்கணும்னு இவளுக்குக் காட்டு," என்று விரலை நீட்டினார்.

ஊசியை எடுத்ததுதான் தாமதம், ஆள் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். நான் தண்ணீருக்கு ஓடப் பார்த்தேன். அக்கா பதறவேயில்லை. அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விரலை என் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

"தண்ணி அப்புறம் தெளிக்கலாம்மா. இப்பவே குத்திடு. முழிச்சிட்டாருன்னா வெரல காட்டமாட்டாரு."