துபாய் நேரத்தில் ஓடிய கம்ப்யூட்டர்

ஏர்வாடி தர்காவிலிருந்து கடற்கரைக்குப் போகிற சந்தில் 'அம்ரீன் டிடிபி சென்டர்' இருக்கிறது. அம்ரீன் மகளின் பெயர்; திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கடையை நடத்துவது அவள் உம்மா தாஜுன்னிசா. கல்யாணப் பத்திரிகை, மவுத் அறிவிப்பு, சந்தனக்கூடு நோட்டீஸ், தர்காவுக்கு வந்தவர்களின் ரயில் டிக்கெட் என்று ஊரின் நல்லதும் கெட்டதும் அவள் கையால் அச்சாகித்தான் வெளியே வரும்.

ராம்நாட்டில் டைப்ரைட்டிங் படித்து, தமிழில் ஹையர் பாஸ் செய்தவள். நிக்காஹ் முடிந்த கையோடு கணவர் காஜா நவாஸ் துபாய்க்கு விமானம் ஏறினார். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற பொம்பளை இல்லை அவள். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக் கடையாக்கினாள். அந்தக் கம்ப்யூட்டர்தான் இன்றைக்கும் ஓடுகிறது. பிள்ளையை வளர்த்ததைவிட அதைப் பக்குவமாக வளர்த்தாள் என்று பக்கத்துக் கடை சதக்கத்துல்லா சொல்வான். மொபைல் ரிப்பேர் செய்கிறவன் என்பதால் கம்ப்யூட்டர் விஷயத்திலும் தனக்கு ஓட்டு உண்டு என்பது அவன் நினைப்பு.

போன வருஷக் கடைசியில் திரையில் ஒரு செய்தி வந்தது. இந்த விண்டோஸுக்கு இனி அப்டேட் கிடையாது. புதியது இந்த மெஷினில் ஏறாது. சதக்கத்துல்லா எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"ராத்தா, இது மவுத்தாப் போச்சு. மெஷின மாத்திருங்க."

"மூச்சு வருதுல்ல. அப்புறம் என்னலே மவுத்து?"

சொன்னாளே தவிர, பயம்தான். கடைக்கு மரியாதை வாங்கித் தந்ததே ஒரு வேலை. ஒவ்வொரு வருஷமும் ரமலானுக்கு ஜமாஅத்தின் நோன்பு அட்டையை, அதாவது விடியுமுன் சாப்பிடும் சஹர் முடியும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் போட்ட அட்டையை, அவள்தான் அடித்துக் கொடுப்பாள். ஊரே அதைச் சுவரில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துத்தான் வாயில் பேரீச்சம்பழம் வைக்கும். ராம்நாட்டில் ஆஃப்செட்டில் அடித்தால் பளபளப்பாக இருக்கும் என்று ஜமாஅத் செயலாளர் பாக்கர் காக்கா ரெண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை மெஷின் காலை வாரினால் அட்டை ராம்நாட்டுக்குப் போய்விடும். அட்டை போனால் பேர் போகும். பேர் போனால் அந்தச் சந்துக்குள் யார் வருவார்கள்?

மதியக் கடை வெறிச்சென்று கிடக்கும் நேரத்தில் போனில் தேட ஆரம்பித்தாள். விண்டோஸுக்குப் பதிலாகப் போட லினக்ஸ் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பேர்பெற்ற லினக்ஸ்களில் ரெண்டை முயன்று பார்த்தாள். ஒன்று கிழட்டு மெஷினின் முதுகை ஒடித்தது. இன்னொன்றில் அவளுடைய டைப்ரைட்டர் விசைப்பலகை சரியாக அமையவில்லை. பிறகுதான் ஸ்கெரி என்கிற லினக்ஸ் கண்ணில் பட்டது. எங்கோ குளிர்நாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து செய்தது. பழைய மெஷின்களுக்கென்றே செய்தது. ஸ்கெரி என்றால் கடலில் தலைநீட்டி நிற்கும் சின்னப் பாறை என்று முகப்பில் போட்டிருந்தது. எதிரே தீவுகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் பெயரே பிடித்துப்போனது.

"யாருக்குமே தெரியாத சாமான் ராத்தா. சும்மா குடுக்குறாங்கன்னா உள்ள ஏதோ இருக்கும்."

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதன்னுவாங்க. நான் பல்லையும் பாத்துட்டுத்தான் கட்டுவேன்."

அப்படித்தான் செய்தாள். ஸ்கெரியைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்; பிடித்தால் மட்டும் மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம். சேலையை மேலே போட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி சில நாள் ஓட்டிப் பார்த்தாள். அது வேகத்தில் அவளை அசத்திவிட்டது. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ போட்டு எடுத்து வருவாள். இப்போது அடுப்புப் பற்றவைப்பதற்குள் திரை வந்து நின்றது. டைப்ரைட்டர் விசைப்பலகை ஒரே தேர்வில் அமைந்தது. பழைய பத்திரிகைகள் மட்டும் கிறுக்கலாகத் தெரிந்தன. பழைய எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டதும் அவையும் வழிக்கு வந்தன. பிரின்டர்தான் முரண்டு பிடித்தது. ஸ்கெரிக்காரர்களின் இணைய மன்றத்தில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு எழுதினாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரே ஒரு வரிக் கட்டளை அனுப்பினார். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து அதை அப்படியே அடித்தாள். மவுஸைத் தேய்க்கிறவர்களுக்குத்தான் கறுப்புத் திரை பயம். டைப்ரைட்டிங் படித்தவளுக்கு என்ன பயம்? பிரின்டர் செருமிக்கொண்டு காகிதத்தை இழுத்தது.

மெஷினில் ஏற்றும்போது ஸ்கெரி ஓர் உலக வரைபடத்தைக் காட்டி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டது. தாஜுன்னிசா துபாயைத் தொட்டாள்.

தெரிந்தேதான் தொட்டாள். அவள் வீட்டுக் கூடத்தில் ரெண்டு கடிகாரம் உண்டு: ஒன்று ஊர் நேரம், ஒன்று துபாய் நேரம். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன சபுராளிகள் வீடு என்றால் இந்தப் பக்கம் அது சகஜம். மச்சான் இப்போது வேலைக்குப் போயிருப்பார், இப்போது சாப்பிடுவார், இப்போது கூப்பிடுவார் என்று அந்த ரெண்டாவது கடிகாரத்தை வைத்துத்தான் வீடு நகரும். ஊர் நேரத்துக்கு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு இருக்கிறது, போன் இருக்கிறது. திரையின் மூலையில் மச்சான் நேரம் ஓடட்டுமே என்று நினைத்தாள். அதில் ஒரு குற்றமும் இல்லை.

வினை வேறு வழியாக வந்தது. வழக்கமாக நோன்பு நேரங்களைப் பள்ளிவாசல் ஹஜ்ரத் எழுதிக் கொடுப்பார். இந்த வருஷம் அவர் மக்காவுக்கு உம்ரா போயிருந்தார். பாக்கர் காக்கா, "போன வருஷக் கார்ட வச்சு நீயே சரிபண்ணிரும்மா" என்று விட்டுவிட்டார். ஸ்கெரியிலோ தொழுகை நேரம் கணிக்கும் ஒரு குட்டி நிரலி கூடவே வந்திருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் மாதம் முழுக்கக் கொட்டியது. போன வருஷ அட்டையோடு ஒப்பிட்டாள். கொஞ்சம் நிமிடங்கள் வித்தியாசம். நோன்பு வருஷா வருஷம் முன்னால் நகர்கிறதே, நிமிடம் மாறத்தானே செய்யும்? பாக்கர் காக்காவும் மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டினார். அட்டைகள் அழகாக அச்சாகின. கிழக்குத் தெருவில் அவர் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அன்று பராஅத் நோன்பு; ரமலானுக்கு முந்தின மாதம் ஒரு நாள் பிடிப்பது. பள்ளிவாசல் பாங்குக்கு நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையை முடித்துவிடலாம் என்று தாஜுன்னிசா மறுபடி கடையில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக ஸ்பீக்கரை மாட்டியிருந்தாள். பள்ளிவாசலில் இஷா பாங்கு சொல்லி ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு பாங்கு சொன்னது. திரையில் 'மஃரிப்' என்று வந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. ராத்திரி இஷாவுக்கு அப்புறம், சூரியன் மறைகிற நேரத்து மஃரிபா? பிறகு ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் மூலையில் ஓடிய துபாய்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நிரலி எந்த ஊருக்குக் கணக்குப் போட்டதென்று ஸ்கெரியிடம் அவள் கேட்கவே இல்லை. அவள் சொன்ன ஊருக்குத்தான் போட்டிருக்கிறது. போனில் துபாய் நோன்பு நேரங்களைத் தேடி அட்டையின் பக்கத்தில் வைத்தாள். அச்சாக அதேதான்; துபாய்க் கடிகாரம் காட்டும் மஃரிப் நேரம், ஊர்க் கடிகாரம் காட்டும் மஃரிபைவிடச் சில நிமிடம் முந்தி நின்றது. அந்த அட்டையை நம்பினால் முதல் வாரம் முழுக்க ஏர்வாடி ஜனம் சூரியன் மறைவதற்கு முன்பே நோன்பு திறந்துவிடும்.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பாக்கர் காக்கா வீட்டுக்கு நடந்தாள்.

காக்கா முழுக்கக் கேட்டார். தலையில் கை வைத்தார். பேர் தெரியாத சாமானை வைத்து விளையாடினால் இப்படித்தான் என்று கொஞ்ச நேரம் ஏசினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார்.

"சரிம்மா. கம்ப்யூட்டர் கோளாறு, கார்டத் திருப்பிக் குடுத்துருங்கன்னு மைக்குல சொல்லிருவோம். உம் பேரு எதுக்கு?"

"கோளாறு அதுல இல்ல காக்கா. நீ எங்கன இருக்கன்னு அது மரியாதையாத்தான் கேட்டுச்சு. நாந்தான் துபாய்ல இருக்கேன்னு சொல்லிட்டேன். எம் பேரச் சொல்லியே சொல்லுங்க. ஒரு வீட்டுல ஒரு கார்டு தங்கிட்டாலும் அவுக நோன்பு போயிரும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ அன்று மைக்கில் அவள் பேரோடு அறிவித்தார்கள். ஊரே சிரித்தது. "ராத்தா, துபாய்ல இன்னைக்கு வெயில் எப்படி?" என்று சதக்கத்துல்லா நாள் முழுக்கக் கேட்டான். ஆனால் கிழக்குத் தெருவிலிருந்து கடைசி அட்டை வரைக்கும் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனது என்றால் பாதிப் பேர் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஒரு பொம்பளை தன் பேரைச் சொல்லித் தப்பு என்றதால்தான் எல்லோரும் சுவரிலிருந்து கிழித்தெடுத்துக் கொடுத்தார்கள்.

ஸ்கெரியின் வரைபடத்தில் ஏர்வாடிக்குப் புள்ளி கிடையாது. போனிலிருந்து ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக் கையால் அடித்துக் கொடுத்தாள். வந்த நேரங்களைப் பள்ளிவாசலின் பழைய அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். அதுவும் போதாதென்று சில சாயங்காலங்களில் பாக்கர் காக்கா மொட்டைமாடியில் வாட்சோடு நின்று, சூரியன் மறைந்ததும் போனில் நேரம் சொன்னார். கம்ப்யூட்டர் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. "சாமான் நல்ல சாமான்தாம்மா" என்றார் காக்கா. அந்த வருஷம் ராம்நாட்டுப் பேச்சே அவர் வாயில் வரவில்லை.

தப்பு அட்டைகள் மூலையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. எரிக்கலாம் என்றால் அதில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது. புதைக்கத்தான் வேண்டும் என்று அன்று போனில் புருஷனிடம் சொன்னாள்.

"புதைக்கிறதா? ஏன் புள்ள?" என்றார் காஜா நவாஸ். "அது இங்க சரியான நேரம்தானே. எங்க ரூம்ல, பக்கத்து ரூம்ல, கீழ் மாடியில, எல்லாம் நம்ம ஊர்க்காரவுகதான். பிறை இங்க ஒரு நாள் முந்துச்சுன்னா மொத நாள மட்டும் பேனாவுல எழுதிக்கிறோம். குடுத்துவிடு."

லீவு முடிந்து திரும்பிய சல்மான் என்பவரின் பெட்டியில் அட்டைகள் துபாய் போயின.

ஊரில் நோன்பு தொடங்கிய முதல் நாள் பள்ளிவாசலும் ஸ்கெரியும் ஒரே நேரத்தில் பாங்கு சொல்ல, தாஜுன்னிசா நோன்பு திறந்தாள். திரையின் மூலையில் இப்போது ரெண்டு கடிகாரம்; ஸ்கெரியில் அப்படியும் வைக்கலாம் என்பதைக் கண்டுபிடித்திருந்தாள். ரெண்டாவது கடிகாரம் துபாய் மஃரிபைத் தொடும் நேரத்தில் காஜா நவாஸ் வீடியோவில் கூப்பிட்டார். போனை அறைப்பக்கம் திருப்பினார். ஊர்க்காரர்கள் கையில் பேரீச்சம்பழத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அவள் அட்டை ஒட்டியிருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு வரி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது.

நேரம் வந்தது. "பிஸ்மில்லாஹ்" என்றார் அவர். அத்தனை பேரும் பழத்தை வாயில் வைத்தார்கள்.

தாஜுன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அடித்த அட்டையைப் பார்த்து அவர் நோன்பு திறந்தது அன்றைக்குத்தான்.