ஏழாம் வாரத்துப் பஸ் பயணம்

கலியாணமாகி நான்காவது வருடத்தில்தான் அந்தக் கர்ப்பச் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. நான் புசல்லாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்க வேலை. கண்டியை ஒட்டிய ஹந்தானையில் வாடகைக்கு இருந்தோம். கோடுகளைப் பார்த்தவர் கதிரையில் உட்கார்ந்தார், எழும்பினார், மறுபடி உட்கார்ந்தார். "இப்ப ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம், என்ன?" என்றார். மறுநாள் அவருடைய அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

ஏழாவது வாரம் வலதுபக்க அடிவயிற்றில் வலி தொடங்கியது. இலேசாக இரத்தமும் பட்டது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சக டீச்சர்மார் சொன்னார்கள். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஒரு புதன்கிழமை, எட்டாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வலது தோள்பட்டையில் குத்தியது. கரும்பலகையில் எழுதியெழுதி வந்த நோவு என்று நினைத்தேன். பிறகு கண் மங்கியது. அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் ஒரு முஸ்லிம் பெண், ஐம்பது வயதிருக்கும், மடியில் துணிப் பொதி. திகனையில் உடுப்புக்கடை வைத்திருப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. கம்பளை தாண்டியதும் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்தேன்.

"என்ன மகள், மொகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு?"

"வயித்து வலிங்க. தோளும் வலிக்குது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "புள்ள தரிச்சிருக்கா?"

"ஏழு வாரம்."

அவர் உடனே எழுந்து நின்று டிரைவரைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார்: இந்தப் பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளே இரத்தம் போகுது, எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்! ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமே என்று யாரோ சொன்னார்கள். "அது வாறதுக்குள்ள நாங்க போய்ச் சேந்துடுவோம்" என்றார். டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்டக்டர் வாசலில் தொங்கியபடி முன்னால் போன வாகனங்களைக் கைகாட்டி விலக்கினார். இறங்கவேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஒருவர்கூட மணியடிக்கவில்லை.

"கண்ண மூடாதீங்க, என்னப் பாருங்க" என்றார் அவர். "எங்கட தங்கச்சிக்கும் இப்படித்தான் வந்திச்சி. நாங்க வெளங்காம வீட்டிலயே வெச்சிருந்து பறிகொடுத்தோம்."

ஆஸ்பத்திரி வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

கரு கருப்பைக்குள் இல்லை. வலது கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. அதை வெட்டியெடுத்துத்தான் என்னைக் காப்பாற்றினார்கள். நான் கண் விழித்தபோது கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புள்ள?"

"போயிட்டுது." என் நெற்றியைத் தடவினார். "எனக்கு நீர் இருக்கிறீர். அது காணும்."

எனக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்த உறவினர்கள், "அது இன்னும் புள்ளையாவே ஆகலையே" என்று ஆறுதல் சொன்னார்கள். என் போனிலிருந்த கர்ப்பகாலச் செயலிக்கோ நடந்தது தெரியாது. பத்தாம் வாரம், பதினோராம் வாரம் என்று பிள்ளையின் அளவைச் சொல்லிக்கொண்டேயிருந்தது. பன்னிரண்டாம் வாரம் வந்தபோது அதை நானே அழித்தேன். அழித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அன்றிரவு பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

கண்டக்டரிடம் விசாரித்து, திகனையில் அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். என்னைக் கண்டதும் இழுத்து அணைத்துக்கொண்டார். சோறு சாப்பிடாமல் அனுப்பவுமில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய முதல் நாள் ஒரு டீச்சர் காதருகே வந்து, "குடல் ஒப்பரேஷன்னு சொல்லிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. ஆசிரியர் அறையின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "எம்புள்ள கொழாயில தங்கிடுச்சி. கொழாய் வெடிச்சிப் போச்சு. நான் பொழச்சி வந்திருக்கேன்."

சங்கீத டீச்சர், பதினைந்து வருடமாக அங்கே படிப்பிப்பவர், எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டு போச்சு" என்றார். "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஒன்றரை வருடம் கழித்து மறுபடி இரண்டு கோடு. டொக்டர் முன்பே சொல்லிவைத்திருந்தபடி ஆறாவது வாரமே ஸ்கேனுக்குப் போனேன். மேசையில் படுத்தேன். டொக்டர் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"சரியான இடத்துலதான் இருக்கு. இந்தா, துடிக்குது பாருங்க."

அரிசிமணி அளவில் ஒரு மினுக்கம். நான் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற கணவர் மறைப்புத் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். "இஞ்சேரும், என்ன நடந்தது?"

"எடம் பாத்து உக்காந்துட்டாங்க!" என்றேன்.

கிளினிக்கில் மிட்வைஃப் அட்டையை நிரப்பும்போது, "மொதப் புள்ளதானே?" என்று கேட்டார். "இல்ல மிஸ், ரெண்டாவது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

மாதங்கள் நிறைந்து மகள் பிறந்தாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். துணியில் சுற்றிக் கொண்டுவந்து நர்ஸ் மிஸ்ஸி என் நெஞ்சில் வைத்தபோது, பெரிய மனுஷி ஒருத்தியை வாசலில் நின்று வரவேற்பதுபோல என் வாயில் தானாக வந்தது:

"வாங்க, வாங்க."