வாப்பா மடித்த வெளிச்சம்

கண்ணாடி இழைக்குள் போகும் வெளிச்சம் சத்தத்தைக் கேட்கும் என்று நான் சொன்னபோது, வாப்பா மடித்துக்கொண்டிருந்த தோல் பர்ஸைக் கீழே வைக்கக்கூட இல்லை. "வெளிச்சத்துக்கு ஏது புள்ள காது?" என்றார். அவரோடு வேலை செய்யும் மூன்று மாமாக்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எம்.டெக் கடைசி வருடம். என் ப்ராஜெக்டே அதுதான். தலைமுடி கனமுள்ள இழைக்குள் லேசரை அனுப்பினால், வழியெங்கும் துளித்துளியாகக் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். பக்கத்தில் சத்தம் எழுந்தால் அந்த இடத்தில் கண்ணாடி இம்மியளவு நசுங்கி விரியும். அங்கிருந்து வரும் வெளிச்சமும் மாறும். திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால், இடமும் தெரிந்துவிடும். லேபில் ஸ்பீக்கர் வைத்துக் காட்டினேன். மாட்டுங்காத் தமிழரான என் கைடு மேடம் உதட்டைப் பிதுக்கினார். "ஸ்பீக்கர் போறாதும்மா. நிஜ சத்தத்துல காட்டு. இல்லேன்னா இன்னொரு வருஷம் இங்கேயே இருக்க வேண்டியதுதான்."

நிஜ சத்தமா? தாராவியில் பிறந்தவளிடமா கேட்கிறார்! வாப்பாவின் தோல் பட்டறையில் நாலு சுத்தியல் காலையிலிருந்து ஓயாது. அங்கேயே வரச் சொல்லிவிட்டேன்.

முந்தின நாள், மஞ்சள் உறை போட்ட இழையை நாலு பேரின் பலகைகளையும் தொட்டுப் போகும்படி செலோடேப்பால் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள், லேசரை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்யும் லேப் பெட்டியை டாக்ஸியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து இணைத்தேன். பத்தாவது மீட்டரோடு திரையில் கோடு செத்துக் கிடந்தது.

அளந்துகொண்டே போனேன். சுவர் மூலை. என் டேப்பைக் காணோம். இழை முழுக்க, தோல் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தது. மூலையில், பர்ஸ் ஓரத்தை மடிப்பதுபோல் இழையை மடித்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கியிருந்தது.

"ஒன் டேப்பு பிஞ்சு தொங்குச்சு புள்ள. மேடம் வாராங்கல்லா, பாக்க நீட்டா இருக்கட்டும்னுதான்..." என்றார் வாப்பா.

"கண்ணாடி வாப்பா அது! மடிக்கதுக்கு அது என்ன தோலா? எனக்க ஒரு வருசத்தையே மடிச்சு வச்சிருக்கீங்க!"

மாமாக்கள் முன்னாலேயே கத்திவிட்டேன். வாப்பா சுத்தியலைப் பலகையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். மேடம் உள்ளே வந்தபோது பட்டறையில் நிஜ சத்தம் என்று ஒன்றுமே இல்லை.

வேறு வழி? நடந்ததைச் சொன்னேன். வெளிச்சம் மூலை வரைதான் போகும்; அதற்கு முன்னால் இருந்தது வாப்பாவின் பலகை மட்டும்தான்.

"அதையாவது பார்ப்போம். நீங்க தட்டுங்கோ," என்றார் மேடம். வாப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகே சுத்தியலை எடுத்தார்.

மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. திரையில் ஏழாவது மீட்டரில் அப்படியே மூன்று மூன்றாக எழுந்தது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "லேப்ல ஒருநாளும் இவ்வளவு தெளிவா வரலையே! எப்படி ஒட்டினே?"

என் டேப் மட்டும் இருந்திருந்தால் பாதிச் சத்தம் இழைக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது. "நான் ஒட்டல மேடம். வாப்பா ஒட்டினது."

"அதையே ரிப்போர்ட்ல எழுது. உடைஞ்ச இடத்தையும் மெஷினை வெச்சே கண்டுபிடிச்சிருக்கே. இது போறும்," என்று மேடம் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் வாப்பா மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏ புள்ள, நீ காலைல என்னைய ஏசினியே, அதும் இதுல விழுந்திருக்குமா?"

நான் கத்தியபோதும் பெட்டி பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. தேடிப் பார்த்தேன். மூலைக்குச் சற்று முன்னால், நான் கத்திய கத்தல் முழுசாக இருந்தது. வெட்கமாகப் போயிற்று. "மன்னிச்சிருங்க வாப்பா, அழிச்சிருதேன்," என்றேன்.

வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காத, கெடக்கட்டும். வெளிச்சத்துக்குக் காது இருக்குன்னு இப்பம்லா நம்புதேன்."